சர்க்கரைத் தண்ணீர்த் தேன்

ஜூன் மாதத்தில் என்சினோ பள்ளத்தாக்கில் ஒரு பூவைக்கூடப் பார்க்க முடியாது. அரிசோனாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற அந்த மலை இடுக்கில் மழை இறங்க ஜூலை பிறக்க வேண்டும். அதுவரை ஓடை வெறும் கல்லாகக் கிடக்கும். ஓக் மரங்கள் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். இனிப்பைத் தேடிப் பறக்கிற எந்த உயிருக்கும் அப்போது ஒரே போக்கிடம்தான்: நெல்டா ப்ரூவரின் முற்றம்.

கட்டைவிரல் அளவே இருக்கிற ரீங்காரச் சிட்டுகளுக்காக நெல்டா மரத்துக்கு மரம் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கவிட்டிருந்தாள். சிட்டுகள் அந்தரத்தில் நின்றபடியே குப்பியின் துளையில் அலகை விட்டு உறிஞ்சும். அதைப் பார்க்கவென்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் போட்டிருந்த பெஞ்சுகளில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒஹாயோவில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்த காலமெல்லாம் போன் எடுத்து, நேரம் குறித்துக்கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். அங்கே அவள் பெயர் யாருக்கும் தெரியாது. கணவர் ஆர்வில் ஓய்வு பெற்று இருவரும் இங்கே வந்தபிறகு, அவள் 'சிட்டுக்கார அம்மா' ஆனாள். அந்தப் பெயர் தனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை அவள் ஆர்விலிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த வருஷம் தேனீக்கள் வந்தன. முதலில் குப்பிக்குப் பத்து, பிறகு குப்பியே தெரியாதபடி கொத்துக் கொத்தாக. சிட்டுகள் கிட்டே வரும், ஒரு நொடி நின்று பார்க்கும், பின்வாங்கிப் போய்விடும். நெல்டா குப்பிகளை இடம் மாற்றினாள். மஞ்சள் நிறத்துக்குத் தேனீ மயங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மூடியிலிருந்த மஞ்சள் பூக்களைப் பிடுங்கி எறிந்தாள். சொட்டு ஒழுகாத தட்டைக் குப்பிகளாகப் பார்த்து வாங்கினாள். சர்க்கரையைக் குறைத்தாள், புதினாச் சாறு தடவினாள். தேனீக்கள் ஒரு நாள் குழம்பும், மறுநாள் வழி கண்டுபிடித்துவிடும். கடைசியில் கனடாவிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு உதட்டில் கொட்டி, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அன்று பெஞ்சுகள் எல்லாம் காலி.

தேனீ என்றால் பள்ளத்தாக்கில் ஒஃபேலியா தராங்கோதான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், நெல்டாவைவிடச் சில வயது இளையவள். அவள் வீட்டுப் பின்புறம் மரத்தடியில் தேன்பெட்டிகள் வரிசையாக இருந்தன. தேனைக் கீழே டவுனில் சனிக்கிழமைச் சந்தையில் விற்பாள். நெல்டா குடிவந்த முதல் மழைக்காலத்தில் ஆர்விலுக்கு நெஞ்சுவலி வந்தபோது, வெள்ளம் ஓடிய பாதையில் தன் டிரக்கை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் ஒஃபேலியாதான்.

நெல்டா போய்ச் சொன்னதும் ஒஃபேலியா முதலில் சிரித்தாள். "நான் என்ன, ஒவ்வொண்ணுக்கும் கயிறு கட்டியா வளக்குறேன், இழுத்துப் பிடிக்க?" பிறகு நெல்டாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "சரி, என் பக்கம் ஒரு தொட்டியில கெட்டியா பாகு கரைச்சு வைக்கிறேன். அதுங்களுக்கு இங்கயே வயிறு நெறஞ்சா அங்க வராது. மனசுல வச்சுக்காத நெல்டா."

தொட்டியும் வைத்தாள். ஒன்றும் குறையவில்லை. நெல்டா மனசில் வைத்துக்கொண்டாள்.

அந்த மாதத்துக் குடியிருப்போர் கூட்டம் தீயணைப்பு நிலையத்தில் நடந்தது. தலைவர் டுவைட் ரோட்டுக்குச் சரளை கொட்டுவது பற்றிப் பேசி முடித்ததும் நெல்டா எழுந்தாள். சிட்டுகள் பட்டினி கிடப்பது, பெரியவரின் உதடு எல்லாம் சொன்னாள். அதுவரைக்கும் சரி. ஒஃபேலியா மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆட்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன்" என்றாள் நெல்டா. "ஒஃபேலியா சந்தையில மெஸ்கீட் பூத் தேன்னு எழுதி ஒட்டி விக்கிறா. இங்க எங்க இருக்கு பூ? அது பூவுமில்ல, தேனுமில்ல. என் சர்க்கரைத் தண்ணி. நான் காய்ச்சுறேன், அவ பாட்டில்ல ஊத்தி விக்கிறா."

கொல்லென்று சிரித்தார்கள். டுவைட்டின் மனைவி கொரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை பேரை நெல்டா வாழ்நாளில் சிரிக்க வைத்ததில்லை. மெஸ்கீட் மரம் வசந்தத்தில் பூத்து முடிந்துவிடும், ஒஃபேலியா விற்பது அப்போது எடுத்த தேன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏப்ரலில் அந்தப் பூ வாசத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்துவிட்டு வந்திருக்கிறார்கள். தெரிந்தும் அந்தச் சிரிப்பு அவளுக்குத் தித்தித்தது.

ஒஃபேலியா எழுந்தாள். முகம் செங்கல் நிறமாகியிருந்தது. தேனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள பெட்டியெல்லாம் எடுத்துடுறேன்" என்றாள். "என்னால யாருக்கும் கெடுதல் வேண்டாம்."

சொன்னபடி எடுத்தாள். ஆற்றோரச் சமவெளியில் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணனுக்கு நிலம் இருந்தது. நிழல் கிடையாது. அந்த வாரம் கீழே அனல் கொளுத்தியதில் நான்கு பெட்டிகளில் தேனடை மெழுகு இளகி, சரிந்து, தேனீக்கள் தங்கள் தேனிலேயே மூழ்கிச் செத்தன என்று தபால் பெட்டிகளின் பக்கம் கேட்டுவந்து ஆர்வில் சொன்னார். நெல்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "பாவம்" என்றாள். இன்னொரு தட்டை எடுத்துத் தேய்த்தாள்.

கொரீன் பீச் பழக் கேக் ஒன்று செய்து கொண்டுவந்தாள். "யாராவது ஒருத்தர் வாயத் தொறக்க வேண்டியதுதான். நீ தொறந்த. நாங்க இப்ப அவகிட்ட தேன் வாங்குறதயே நிறுத்திட்டோம், தெரியுமா?" என்றாள். "தேனீ போயிடுச்சா?"

"கொஞ்சம் விட்டுப்போனது சுத்திக்கிட்டிருக்கு" என்றாள் நெல்டா. "ரொம்பக் கொறஞ்சிடுச்சு."

குறையவில்லை. கொரீன் முற்றத்தின் பக்கம் போய்விடாமல் நெல்டா அவளைச் சமையலறையிலேயே உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

சில நாள் கழித்து ஆர்வில் குளிர்விப்பானைப் பழுது பார்க்க வீட்டின் பின்பக்கம் போனார். கேஸ் தொட்டி இருக்கிற அந்த மூலைக்கு யாரும் போவதில்லை. போனவர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகவே திரும்பி வந்தார்.

"நெல்டா, கொஞ்சம் வெளிய வா."

"கையெல்லாம் மாவு. இங்கயே சொல்லு."

"சொன்னா நம்ப மாட்ட."

கூரை விளிம்புக்குக் கீழே, குழாய் உள்ளே போகிற இடத்தில் சாந்து உடைந்து கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. அதற்குள்ளிருந்து தேனீக்கள் வந்துகொண்டிருந்தன. வந்தவை கூரையைத் தாண்டி நேராக முற்றத்துக்கு இறங்கின. முற்றத்திலிருந்து திரும்பியவை வயிறு கனத்து மெதுவாக உள்ளே நுழைந்தன. சாந்தின் விளிம்பு நாள்பட்ட வாசற்படி போல வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

இருவரும் விருந்தாளி அறைக்குள் போனார்கள். நெல்டா சுவரில் காதை வைத்தாள். சுவர் உடம்பு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே, தூரத்தில் லாரி ஏறுவது போல இடைவிடாத ஒரு முழக்கம். சுவரின் மேல்பக்கம் பழுப்பாக ஒரு கறை கசிந்திருந்தது. மழைத் தண்ணீர் ஊறுகிறது என்று சொல்லி வசந்தத்தில் அவள்தான் அதன்மேல் வெள்ளை அடித்தாள். கறை மறுபடி மேலே வந்திருந்தது. விரலால் தொட்டாள். ஒட்டியது.

"போன வருஷமே இருந்துச்சு இந்தக் கறை" என்றார் ஆர்வில் மெதுவாக.

"எனக்குத் தெரியும்."

"அப்போ ஒஃபேலியாவோட..."

"எனக்குத் தெரியுது ஆர்வில், வாய மூடு." அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். விரலில் ஒட்டியிருந்ததைத் துடைத்துக்கொண்டாள். "யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றாள்.

"ஒஃபேலியாகிட்டயுமா?"

"அவகிட்டதான் முக்கியமா."

டவுனில் பூச்சி மருந்து அடிக்கிற ஒருவனுக்குப் போன் செய்து, பெயர் எழுதாத வண்டியில் வர முடியுமா என்று கேட்டாள். அவன் சரி சரி என்றான். வந்தது, கூரைமேல் ஆள் உயரக் கரப்பான்பூச்சி பொம்மை மல்லாந்து கிடக்கிற வண்டி. பள்ளத்தாக்குக்கு ஒரே ரோடுதான். அது ஒஃபேலியா வீட்டு வாசலை ஒட்டித்தான் ஏறி வர வேண்டும்.

வந்த பையன் கலகலவென்று பேசுகிறவன். பொந்தில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு விசில் அடித்தான். "மூணு வருஷக் குடும்பம் இது, இந்த வருஷம்தான் நல்லாப் பெருகியிருக்கு. மருந்து அடிச்சா செத்துடும், அது பெரிசில்ல. ஆனா உள்ள அண்டா கணக்குல தேன் இருக்கு. விசிறி விட்டு அடைய குளுமையா வச்சுக்கத் தேனீ இல்லன்னா மொத்தமும் உருகிச் சுவத்துல ஒழுகும். அப்புறம் எறும்பு வரும், எலி வரும். சுவத்த வெட்டி உயிரோட எடுக்குறதுதான் சரி. உங்க ரோட்லயே ஒரு அம்மா அதைப் பண்றாங்களே. ஒஃபேலியான்னு. அவங்கள உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் நெல்டா.

ஆர்வில் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகும் அவள் உடனே போகவில்லை. இரண்டு தரம் காரை எடுத்தாள். ஒரு தரம் ஒஃபேலியா வாசலைத் தாண்டி டவுன்வரை போய், வேண்டாத முட்டையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். "நான் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?" என்று ஆர்வில் கேட்டபோது, சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. நெஞ்சுவலிக்காரரைத் தூதனுப்பத் துணிந்துவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அன்றுதான் நடந்தே போனாள்.

ஒஃபேலியா பின்புறத்தில், சரிந்த அடைகளின் மரச் சட்டங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பெட்டிகள் இருந்த இடத்தில் தரை வெளிறிச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. நெல்டாவைக் கண்டதும் அவள்தான் முதலில் பேசினாள்.

"இன்னும் வருதா? கொஞ்சம் இங்கயே தங்கிப்போச்சு போல. ஒரு காலிப் பெட்டி வச்சுப் பிடிச்சுட்டுப் போயிடுறேன், நீ கவலப்படாத."

நெல்டா ஒத்திகை பார்த்து வந்ததையெல்லாம் விட்டுவிட்டாள். "உன் தேனீ இல்ல" என்றாள்.

"என்னது?"

"உன்னோடது இல்ல. ஆரம்பத்துலேந்தே இல்ல. என் சுவத்துக்குள்ள இருக்கு. மூணு வருஷமா."

ஒஃபேலியா சுரண்டியைக் கீழே வைத்தாள். "எப்பத் தெரியும் உனக்கு?"

இப்போதுதான் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. "ஒரு வாரம் இருக்கும்."

"அந்தக் கரப்பான்பூச்சி வண்டி..."

"அதுக்குத்தான்."

ஒஃபேலியா எங்கேயோ பார்த்தாள். "நான் படுத்தா தூக்கம் வராம உன் சிட்டுங்களத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். கூட்டுல குஞ்சு வச்சிருக்குமே, நம்ம பெட்டியால தாய்க்கு எரை இல்லாம செத்துப்போச்சோன்னு. கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன் நெல்டா. உன் சிட்டுக்காக."

"மன்னிச்சுடு ஒஃபேலியா."

"அதை அப்புறம் பாப்போம். எந்தச் சுவரு?"

"விருந்தாளி ரூம். பின்பக்கம்."

"நாளைக்குக் காலையில வர்றேன். கட்டிலெல்லாம் எடுத்து வெளிய போட்டு வை." சுரண்டியை மறுபடி கையிலெடுத்தாள். "தேனீய நான் எடுத்துக்குவேன். தேன் உனக்கு. எனக்கெதுக்குச் சர்க்கரைத் தண்ணி?"

மறுநாள் வலைத்தொப்பியும் வெள்ளை அங்கியும் போட்டு வந்து, உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டிய அந்தச் சுவரின் பலகையை அறுத்து எடுத்தாள். சுவரின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு அடைகள் தொங்கின. ஒஃபேலியா ஒவ்வொன்றாக வெட்டி, குஞ்சுப் புழு இருந்த துண்டுகளைச் சட்டத்தில் கட்டித் தன் பெட்டியில் வைத்தாள். தேனடைகளை நெல்டா நீட்டிய வாளியில் போட்டாள். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. ஆர்விலுக்குக் கழுத்தில் இரண்டு கொட்டு விழுந்தது. அதற்கு மட்டும், "தேய்க்காத, நகத்தால வழிச்சுவிடு" என்றாள்.

கடைசியில் புது வெள்ளை அடை ஒன்றை வெட்டி, ஒரு துண்டைப் பிட்டு நெல்டாவிடம் கொடுத்தாள். "நக்கிப் பாரு."

நெல்டா நக்கினாள். இனிப்பு இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. பூவின் வாசம் இல்லை, தொண்டையில் நிற்கிற காரல் இல்லை. அவள் அடுப்பில் அவளே காய்ச்சியது.

"இதுதான் அது" என்றாள் ஒஃபேலியா. சிரிக்கவில்லை. பெட்டியை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலைக் கூட்டத்துக்கு ஒஃபேலியா வரவில்லை. நெல்டா எழுந்து, தேனீ என் வீட்டுச் சுவருக்குள்தான் இருந்தது, ஒஃபேலியாவின் மேல் பழி போட்டது தப்பு என்றாள். "அடக் கடவுளே, உன் வீட்டுக்குள்ளயேவா" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. அன்பான சிரிப்புதான். "இதெல்லாம் யாருக்கும் நடக்குறதுதான், உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு டுவைட் சரளைப் பேச்சுக்குப் போய்விட்டார். நெல்டா உட்கார்ந்தாள். பாரம் இறங்கிவிட்டது போல இருந்தது.

காரில் ஆர்வில் சொன்னார். "தேனப் பத்திச் சொல்லலியே."

"சொன்னேனே."

"தேனீயப் பத்திச் சொன்ன."

அவர் சொல்லுமுன்பே அது அவளுக்குத் தெரிந்திருந்தது. சிரிப்பு வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்த வாரம் மழை இறங்கியது. மலை பூத்தது. சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒன்றிரண்டு காட்டுத் தேனீயும் குப்பியை விட்டுவிட்டுப் பூவுக்குப் போய்விட்டது. சிட்டுகள் திரும்ப வந்து ஒன்றையொன்று துரத்தின. பெஞ்சுகள் நிறைந்தன. சனிக்கிழமை காலை, ஆட்கள் வந்து உட்காருகிற நேரத்தில், முற்றத்தை ஆர்விலிடம் விட்டுவிட்டு நெல்டா சந்தைக்குப் போனாள்.

ஒஃபேலியாவின் மேஜையில் பாட்டில்கள் அடுக்கு கலையாமல் இருந்தன. நெல்டா எப்படி ஆரம்பிப்பது என்று நிற்கும்போதே கொரீன் கூடையோடு வந்தாள். ஒரு பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்து, நெல்டாவைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினாள்.

"இது எந்தப் பூத் தேன் ஒஃபேலியா?"

"அவகிட்ட கேளு" என்றாள் ஒஃபேலியா, மோவாயால் நெல்டாவைக் காட்டி. "அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்."

நெல்டாவுக்குக் காது மடல்வரை சுட்டது. "மெஸ்கீட்" என்றாள். "ஏப்ரல்ல எடுத்தது. சுத்தமான தேன். அன்னிக்குக் கூட்டத்துல நான் சொன்னது பொய்."

"அட, அது சும்மா வேடிக்கைக்குச் சொன்னதுதானே. யாரு அத நம்புனா?"

"நீ நம்புன. வாங்குறதயே நிறுத்திட்டோம்னு என் வீட்டுல வந்து சொன்ன." பக்கத்துத் தக்காளிக் கடைக்காரரும் இப்போது கேட்டுக்கொண்டிருந்தார். நெல்டா குரலைத் தாழ்த்தவில்லை. "பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன் கொரீன். நீங்கள்லாம் சிரிப்பீங்கன்னு சொன்னேன்."

கொரீன் பாட்டிலை ஓசைப்படாமல் மேஜையில் வைத்தாள். எதுவும் வாங்காமல், "வெயில் ஏறுது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வரிசைக்கு நடந்துவிட்டாள்.

ஒஃபேலியா அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க வந்தவளையும் வெரட்டிட்ட. யாவாரத்துக்கு நீ லாயக்கில்ல."

"பெட்டியெல்லாம் திரும்பக் கொண்டுவந்துடு ஒஃபேலியா. நான்..."

"செத்தது எப்படித் திரும்ப வரும்?" ஒஃபேலியா பாட்டில்களைத் துணியால் துடைத்து நேராக்கினாள். பிறகு கேட்டாள். "அன்னிக்கு வேற யார் யார் சிரிச்சது?"

நெல்டா ஒவ்வொரு பெயராகச் சொன்னாள்.

"எல்லாரும் மத்தியானத்துக்குள்ள இந்தப் பக்கம் வருவாங்க" என்றாள் ஒஃபேலியா. "இங்கயே நில்லு."

நெல்டா மேஜைக்கு முன்னால், ஆட்கள் வருகிற வழியைப் பார்த்து நின்றாள்.